ரொபேர்ட் நொக்ஸ்: பார்க்கக் கற்ற கைதி

நூற்றாண்டு மலருக்கு நானும் ஏதாவது எழுத வேண்டுமென்று மலர்க் குழுவினர் கேட்டபோது நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ ஒரு கட்டுரையை எதிர்பார்த்திருப்பார்கள். அவற்றைப் பற்றி எம் தோழிகளுக்கு அவரவர் வைத்தியர்கள் வேண்டிய அளவு சொல்லியிருப்பார்கள். நான் எழுத விரும்பியது, வரலாற்றுப் பாடத்தில் ஒரே பந்தியோடு நாம் கடந்துபோன ஒருவரைப் பற்றி. இரண்டாம் இராஜசிங்கனின் காலத்தில் கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டு, பின்னர் தப்பியோடி, இலங்கையைப் பற்றி ஒரு நூல் எழுதிய ஆங்கிலேயர் ரொபேர்ட் நொக்ஸ். பரீட்சைக்கு அவ்வளவு போதுமாக இருந்தது. பல ஆண்டுகள் கழித்து அந்த நூலை முழுமையாக வாசித்தபோதுதான், வார்ட்டில் நாளாந்தம் நாங்கள் செய்ய முயன்று பாதி நாள் தவறவிடும் ஒரு காரியத்தை இந்த மனிதர் யாரும் கற்றுக்கொடுக்காமலே செய்திருக்கிறார் என்பது விளங்கியது. அவர் பார்த்தார். பார்த்ததையும் கேட்டதையும் வேறுவேறாக வைத்துக்கொண்டார்.

நொக்ஸ் தெல்தெனியவில் வாழ்ந்தவரல்லர். ஆனால் அவர் எழுதிய நாடு நம் கண்முன் கிடக்கும் நாடுதான்.  1664 டிசம்பரில் நிலம்பையில் கலகம் மூண்டபோது மன்னன் அங்கிருந்து தப்பி, பின்னர் ஹங்குராங்கெத்தைப் பக்கத்தில் அரண்மனை அமைத்து இருந்தான். இன்று விக்டோரியா நீர்த்தேக்கத்துக்கு அப்பால் தெற்கே தெரிகின்ற மலைகளுக்குள் அந்த ஹங்குராங்கெத்த இருக்கிறது. மன்னன் பிறந்த இடமென்று நொக்ஸ் சொல்லும் அலுத்நுவர, பதினெட்டு வளைவுகளில் இறங்கி நாம் சுற்றுலா போன மகியங்கனை. அன்று நீர்த்தேக்கம் இல்லை. பள்ளத்தில் மகாவலி ஓடிக்கொண்டிருந்தது. எம் தாய்மார் சாமான் வாங்கிய பழைய தெல்தெனிய நகரமே 1980களில் தண்ணீருக்குள் போய்விட்டது. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது அதன் அத்திவாரங்கள் வெளியே தெரிவதை நம்மில் பலர் போய்ப் பார்த்திருக்கிறோம். இருந்த ஒன்று இல்லாமற் போவதும், யாரோ பார்த்து வைத்ததனால் கொஞ்சம் மிஞ்சுவதும் இந்த ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல.

நொக்ஸ் 1641 பெப்ரவரியில் இலண்டனில் பிறந்தார். தகப்பனாரின் பெயரும் ரொபேர்ட் நொக்ஸ்தான். அவர் கிழக்கிந்தியக் கம்பனிக்காக ஓடிய 'ஆன்' என்ற கப்பலின் கப்டன். மகனையும் உடன் அழைத்துக்கொண்டு வந்தார். 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் நங்கூரமிட்டிருந்தபோது புயலில் கப்பலின் பாய்மரம் போய்விட்டது. அதைத் திருத்துவதற்காகத் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவுக்கு வந்தார்கள். மன்னனின் திசாவை ஆட்களோடு வந்து, அன்பாகப் பேசிக் கரைக்கு அழைத்து, கப்டனைப் பிடித்துவிட்டான்.

கப்பலையும் ஆற்று முகத்துக்குள் கொண்டுவரச் சொல்லி மகனைக் கப்பலுக்கு அனுப்பினார்கள். தகப்பனோ இரகசியமாக, கப்பலைக் கொண்டுவர வேண்டாம், காவலோடு இருக்கச் சொல் என்று சொல்லியனுப்பினார். பத்தொன்பது வயது இளைஞன் கப்பலில் ஏறிச் செய்தியைச் சொன்னான். அப்படியே அங்கே தங்கியிருக்கலாம். திரும்பி வருவதாகத் தகப்பனுக்கு வாக்குக் கொடுத்திருந்தபடியால் மறுபடி கரைக்கு வந்தான். அது 1660 ஏப்ரல் மாதம். கப்பல் போய்விட்டது. பிடிபட்டவர்கள் 16 பேர். அவர்களை மலைநாட்டுக்குக் கொண்டுபோய் ஊருக்கு ஒருவராகப் பிரித்து வைத்தார்கள். விலங்கு இல்லை, சிறைச்சாலை இல்லை. ஊரார் முறைவைத்துச் சோறு கொடுக்க வேண்டும். நாட்டை விட்டு வெளியேற முடியாது, அவ்வளவுதான்.

தகப்பனும் மகனும் கண்டிக்கு வடமேற்கே பண்டாரகொஸ்வத்த என்ற ஊரில் விடப்பட்டனர். இருவருக்கும் குளிர்க்காய்ச்சல் பிடித்தது. நொக்ஸ் அந்தக் காய்ச்சலை விவரிக்கும் விதத்தைப் பார்த்தால் எந்த இலங்கை வைத்தியருக்கும் அது மலேரியாதான் என்று தோன்றும். தகப்பன் 1661 பெப்ரவரியில் இறந்தார். ஊரார் பிணத்தைத் தொட மறுத்து, கட்டி இழுக்கக் கயிறு கொடுத்தார்கள். காய்ச்சலோடு இருந்த மகனும் அவர்களுடன் இருந்த கறுப்பினச் சிறுவனும் சேர்ந்து தூக்கிக்கொண்டுபோய்ப் புதைத்தார்கள். இந்த நிகழ்ச்சியை நொக்ஸ் கண்ணீரும் கம்பலையுமாக எழுதவில்லை. யார் என்ன செய்தார்கள், யார் செய்யவில்லை, கல்லறையை எவ்வளவு சிரமப்பட்டு வெட்டினோம் என்று எழுதுகிறார். அவருக்கும் அந்தக் காய்ச்சல் ஓராண்டுக்கு மேல் நீடித்தது. அதைக் கொண்டுவருவது நுளம்பு என்று 1897இல் செக்கந்தராபாத்தில் ரொனால்ட் றொஸ் கண்டுபிடிக்கும்வரை உலகத்தில் எவருக்கும் தெரியாது. நொக்ஸ் நுளம்பைக் கவனிக்கவில்லை என்று குறைசொல்ல என்னால் முடியாது.

அவரிடம் இரண்டு சமயப் புத்தகங்கள் மட்டுமே இருந்தன. திரும்பத் திரும்ப வாசித்து அவை மனப்பாடமாகிவிட்டன. ஒருநாள் ஊர்க் கிழவர் ஒருவர் ஓர் ஆங்கில விவிலியத்தைக் கொண்டுவந்தார். ஆசை முகத்தில் தெரிந்தால் விலை ஏறிவிடும் என்று நொக்ஸ் அடக்கிக்கொண்டு, கடைசியில் தான் பின்னிய ஒரு தொப்பியைக் கொடுத்து வாங்கினார். தொப்பி பின்னுவது அவருடைய முதல் தொழில். பிறகு பன்றியும் கோழியும் வளர்த்தார். சமைத்த சோற்றுக்குப் பதிலாக அரிசியாகவே தரும்படி ஊராரிடம் வாதாடிப் பெற்று மிச்சம் பிடித்தார். நெல்லைக் கடனாகக் கொடுத்து, அறுவடையில் பாதியளவு வட்டி சேர்த்து வாங்கினார். அது ஊர் வழக்கம். அந்த வழக்கத்தை அவர் எப்படிக் கற்றார் என்றால், யார் யாருக்கு எப்போது நெல் கொடுக்கிறார்கள் என்று பார்த்துத்தான்.

சில முறை இடம் மாற்றப்பட்ட பின், கண்டிக்குத் தெற்கே உடுநுவரவில் எலதெத்த என்னும் ஊரில் 25 லாரி நாணயம் கொடுத்துச் சொந்தமாக ஒரு நிலம் வாங்கினார். கைதி நிலம் வாங்கினான் என்பது நமக்கு வேடிக்கையாக இருக்கும். அந்த இராச்சியத்தின் விந்தை அது. மற்ற ஆங்கிலேயர் பலர் ஊர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு பிள்ளைகுட்டிகளோடு அமைதியானார்கள். நொக்ஸ் கட்டவில்லை. தப்பும் எண்ணத்தை அவர் ஒருநாளும் விட்டதில்லை.

இந்த வாழ்க்கையிலிருந்துதான் அந்த நூல் வந்தது. அதை எழுதுவதற்கு அவரிடம் நாட்குறிப்பு இருக்கவில்லை. காகிதம், பேனை எதுவும் இல்லாமல் பத்தொன்பது ஆண்டுகள் கழிந்தன. எல்லாம் ஞாபகத்தில் இருந்தது. தப்பிய பிறகு, தாயகம் திரும்பும் கப்பலில் உட்கார்ந்து எழுதினார். வார்ட்டில் மூன்று நோயாளிகளைப் பார்த்துவிட்டு நான்காவது கட்டிலுக்குப் போவதற்குள் முதலாமவரின் விவரம் எனக்குக் குழம்பிவிடும். அதனால்தான் கட்டிலுக்குக் கட்டில் சீட்டுத் தொங்குகிறது. இந்த மனிதர் ஓர் இராச்சியத்தையே சீட்டில்லாமல் மனத்தில் வைத்திருந்தார்.

எப்படி முடிந்தது என்பதற்கு நூலே சான்று. அவர் ஒன்றைத் தனியே பார்ப்பதில்லை. எது எதனோடு சேர்ந்து வருகிறது என்று பார்க்கிறார். நெல்லை எடுத்துக்கொள்வோம். ஏழு மாதத்தில் விளைவது முதல் மூன்று மாதத்தில் விளைவது வரை இனங்களைப் பெயரோடு சொல்கிறார். ஏழு மாத நெல் இருக்கும்போது மூன்று மாத நெல் எதற்கு? தண்ணீர் எவ்வளவு காலம் கிடைக்குமோ அதற்கேற்ற நெல்லை விதைக்கிறார்கள் என்று விடை தருகிறார். ஒரு வெளியில் உள்ள வயல்களெல்லாம் ஒரே நேரத்தில் விளைய வேண்டும், இல்லையென்றால் வேலி திறந்து மாடு விடும்போது பிந்தி விளைபவனின் பயிர் போய்விடும் என்பதையும் கவனித்திருக்கிறார். விதை, தண்ணீர், வேலி, மாடு, அயலவன் எல்லாம் ஒரே பார்வைக்குள் வருகின்றன. இலண்டன் பையனுக்கு இதை எந்தப் புத்தகமும் சொல்லிக்கொடுக்கவில்லை. வரம்பில் நின்று கற்றது.

அட்டையைப் பற்றி எழுதியிருப்பதை வாசித்தால் மலையகத்துப் பிள்ளைகளான நமக்குச் சிரிப்பு வரும். மழைக்காலத்தில் புல்லிலிருந்து காலில் ஏறுவதையும், எலுமிச்சையையும் உப்பையும் துணியில் முடிந்து தடியில் கட்டிக் காலில் அடிக்கடி தட்டிக்கொண்டு நடப்பவர்களையும், நாணலைக் கத்திபோலச் சீவி அதனால் வழித்தெடுப்பவர்களையும், எப்படியாவது குடித்துவிட்டுப் போகட்டும் என்று பேசாமல் விடுபவர்களையும் ஒவ்வொருவராகக் காட்டுகிறார். மக்கள் இப்படிச் செய்வார்கள் என்று பொதுப்படச் சொல்லி விடுவதில்லை. சிலர் இப்படி, சிலர் அப்படி என்கிறார். மனிதரைப் பார்க்கப் பழகியவருக்கு அந்தச் 'சிலர்' முக்கியம். எறும்புகளிலும் அதே கவனம். எது கடிக்கும், எது வீட்டை அரிக்கும், எது புற்றுக் கட்டும் என்று வகை பிரிக்கிறார். தாலிப்பனையின் ஓர் ஓலை பதினைந்து இருபது பேரை மழையிலிருந்து மறைக்கும் என்று அளவும் சொல்கிறார்.

வைத்தியத்தைப் பற்றிய பகுதியை நான் இரண்டு முறை வாசித்தேன். கண்டி நாட்டில் வைத்தியமே தொழிலென்று இருப்பவர்கள் இல்லை, எல்லோருக்குமே கொஞ்சம் தெரியும், காடுதான் அவர்களின் மருந்துக் கடை என்கிறார். தமக்கே தொண்டையில் கட்டி வந்தபோது ஊரார் சொன்ன ஒரு மரப்பட்டையை மென்று குணமானதைச் சொல்கிறார். வடக்கே போனபோது கெட்ட தண்ணீரைக் குடித்துக் காய்ச்சலில் விழுந்ததையும், அதற்குக் கஞ்சா இலையை வெறும் வயிற்றில் கருப்பட்டியோடு காலை மாலை உண்ணப் பழகியதையும் எழுதுகிறார். அதற்காக அதை நான் சிபாரிசு செய்வதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. ஒரு பொருளை எப்போது, எதனோடு, எத்தனை தரம் உண்டேன், பிறகு என்ன நடந்தது என்று எழுதும் ஒழுங்கைத்தான் சொல்ல வந்தேன்.

இன்னொரு இடத்தில் எனக்குப் புத்தகத்தை மூடிவைக்க வேண்டியிருந்தது. மனைவி கணவனுக்குப் பரிமாறுகிறாள், அவன் உண்டு எழுந்த பிறகு அதே கலத்தில் மிஞ்சியதை உண்ணுகிறாள் என்று ஒரு சாதாரண வரி. பல ஆண்டுகளுக்கு முன், மலைப்பகுதியில் ஒரு வைத்தியசாலையில் நான் இளம் வைத்தியராக இருந்தபோது, இரத்தக் குறைவோடு ஓர் அம்மா திரும்பத் திரும்ப வந்தார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று நான் ஒவ்வொரு முறையும் கேட்டேன். சோறு, பருப்பு, கீரை, சில நாள் கருவாடு என்று ஒவ்வொரு முறையும் ஒழுங்காகச் சொன்னார். நானும் ஒழுங்காக எழுதிக்கொண்டு இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தேன். வீட்டில் சமைப்பதைத்தான் அவர் சொல்லியிருக்கிறார். யார் முதலில் உண்பது, கடைசியாக உண்பவருக்குச் சட்டியில் என்ன மிஞ்சும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஒருநாள் வார்ட்டில் பார்வையாளர் நேரத்தில், மகன் கொண்டுவந்த சோற்றுப் பார்சலை அவர் பிரித்து, மீனை எடுத்து அவனுக்கே ஊட்டிவிட்டு வெறும் சோற்றைத் தாம் உண்டதைத் தாதி ஒருவர் பார்த்துச் சொன்னார். என்னுடைய கேள்வியில் குறையில்லை என்று நான் நினைத்திருந்தேன். நொக்ஸ் அந்தக் கேள்வியைக் கேட்கவேயில்லை. ஏதோ ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் கண் சரியாக இருந்தும் காரணம் பிழைத்துப்போவதுண்டு. இரவில் பேய் கத்துவதைத் தாம் பல தடவை காதாரக் கேட்டதாக நொக்ஸ் எழுதுகிறார். நாய் குரைப்பது போன்ற கூரிய குரல், திடீரென்று ஓரிடத்திலிருந்து வரும், அதனால் ஒருவருக்கும் தீங்கு நேர்ந்ததாகக் கேள்விப்படவில்லை என்று கவனமாகச் சொல்கிறார். அதன் பிறகுதான், இப்படிக் கத்தும் பிராணி இத்தீவில் இல்லாதபடியால் அது பேய்தான் என்று முடிக்கிறார். நம் பாட்டிமார் நடுங்கிய அந்த 'உலமா'வின் குரல் ஒரு பெரிய காட்டு ஆந்தையுடையது என்று இன்று பறவைகளை ஆராய்பவர்கள் கருதுகிறார்கள். நொக்ஸ் எழுதிய முடிவு பிழை. குரலைப் பற்றி எழுதியது பிழையல்ல. இரண்டையும் அவர் தனித்தனியே எழுதி வைத்ததனால்தான் முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் ஒன்றைத் தள்ளிவிட்டு மற்றதை நாம் வைத்துக்கொள்ள முடிகிறது. தாம் நேரில் அறிந்ததையும், ஊராருக்குப் பொதுவாகத் தெரிந்து அவர்கள் வாயால் தமக்குச் சொன்னதையும் தவிர வேறெதையும் எழுதவில்லை என்று நூலின் தொடக்கத்திலேயே உறுதி சொல்லியிருக்கிறார்.

அவருடைய பார்வையே அவரை விடுவித்தது. எலதெத்தவில் அவரோடு இருந்த ஸ்டீபன் ரட்லண்ட் என்பவரும் அவருமாகப் புகையிலை, மிளகு, உள்ளி, சீப்பு, இரும்புச் சாமான் ஆகியவற்றை மூட்டை கட்டிக்கொண்டு வடக்கே தாழ்நிலத்துக்கு வியாபாரம் போனார்கள். விற்பது பாதி நோக்கம். எந்தப் பாதை எங்கே போகிறது, காவல் எங்கே இருக்கிறது, எந்த மாதத்தில் எந்தக் குளத்தில் தண்ணீர் இருக்கும் என்று அறிவது மறுபாதி. பல ஆண்டுகள் இப்படிப் போய்ப் போய் வந்தார்கள். ஊராருக்கு அவர்கள் பழகிய முகங்களாகிவிட்டார்கள். சில ஆண்டுகள் அங்கே மழையே இல்லாததால் வழியில் குடிக்க நீர் கிடைக்காதென்று திரும்பினார்கள். 1679 செப்டெம்பரில் புறப்பட்டபோது எல்லாம் கூடிவந்தது. அநுராதபுரம் வரை வியாபாரிகளாகவே போய், பின் மல்வத்து ஓயாவின் கரையோடு இறங்கினார்கள். நாம் அருவியாறு என்று சொல்லும் அதே ஆறு. யானைகளுக்கும் முதலைகளுக்கும் இடையே நடந்து, வன்னியில் தமிழர் வாழும் பகுதிக்குள் வந்தார்கள். பத்தொன்பது ஆண்டுகளில் சிங்களத்தைத் தம் மொழிபோலப் பேசப் பழகிய நொக்ஸுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. மரத்தடியில் சோறு பொங்கிக்கொண்டிருந்த இரண்டு பிராமணர்களைக் கண்டு, கையிலிருந்த கொஞ்சப் பணத்தையும் சில பொருள்களையும் கொடுத்து வழி காட்டச் சொன்னார்கள். ஒக்டோபர் 18ஆம் திகதி பின்னேரம் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தார்கள். மன்னார், கொழும்பு, பத்தாவியா வழியாக 1680 செப்டெம்பரில் இலண்டன் போய்ச் சேர்ந்தார்.

அவர் பிடிபட்ட அதே 1660ஆம் ஆண்டு நவம்பரில் இலண்டனில் சில அறிஞர்கள் கூடி, பிற்காலத்தில் றோயல் சொசைட்டி என்று பெயர்பெற்ற விஞ்ஞானச் சங்கத்தைத் தொடங்கியிருந்தார்கள். பழைய நூல்கள் சொல்வதை நம்பியிருக்காமல் கண்ணால் பார்த்து, செய்து பார்த்து அறிய வேண்டும் என்பது அவர்களின் கொள்கை. 1666இல் தூரதேசம் போகும் மாலுமிகளும் பிரயாணிகளும் எதையெதைக் கவனித்து வர வேண்டும் என்று அச்சிட்டும் கொடுத்தார்கள். அப்போது நொக்ஸ் நம் மலைகளுக்குள் தொப்பி பின்னிக்கொண்டிருந்தார். அந்தத் தாளைக் காணாமலே அதற்கெல்லாம் விடை கொண்டுபோனார். சங்கத்தைச் சேர்ந்த ரொபேர்ட் ஹூக், நுணுக்குக்காட்டியில் தெள்ளுப்பூச்சியைப் பார்த்துப் பெரிதாக வரைந்து காட்டியவர், நொக்ஸோடு நெருங்கிய நண்பரானார். கையெழுத்துப் பிரதியை ஒழுங்குபடுத்த நொக்ஸின் உறவினரான ஜோன் ஸ்ட்ரைப்பும் ஹூக்கும் உதவினார்கள். 1681இல் நூல் வெளிவந்தது. புனித பவுல் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்ரோபர் ரென் அப்போது சங்கத்தின் தலைவர். அவரும் நூலுக்குச் சான்று கொடுத்தார்.

நூலுக்கு நான்கு பாகங்கள். முதலாவது நிலம், பயிர், பிராணிகள். இரண்டாவது மன்னனும் ஆட்சியும். மூன்றாவது மக்களும் வழக்கங்களும். தாம் பட்ட கதையை நான்காவது பாகத்தில்தான் வைத்தார். தகப்பனைப் புதைத்ததும் பத்தொன்பது ஆண்டுகள் இழந்ததும் கடைசியில் வருகின்றன. சில ஆண்டுகளில் ஜெர்மன், டச்சு, பிரெஞ்சு மொழிகளுக்கு நூல் போயிற்று. டானியல் டிஃபோ 1720இல் எழுதிய ஒரு நாவலில் நொக்ஸின் கதையைச் சுருக்கிச் சேர்த்தார். அதற்கு முந்திய ஆண்டில் வந்த ரொபின்சன் குருசோவுக்கும் நொக்ஸ் ஒரு தூண்டுதல் என்று சொல்வார்கள். எனக்கு அது அவ்வளவு பெரிதாகப் படவில்லை. குருசோ தனித் தீவில் இருந்தவன். நொக்ஸ் மனிதர்கள் நடுவில் இருந்தவர். அது வேறு வகைக் கஷ்டம்.

இங்கே நிறுத்தினால் கதை அழகாக முடிந்துவிடும். ஆனால் அவர் அதன் பிறகு நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தார். கிழக்கிந்தியக் கம்பனி அவரை 'தொங்குவின் மேர்ச்சன்ற்' என்ற கப்பலுக்குக் கப்டனாக்கியது. 1680களில் அந்தக் கப்பலோடு அவர் மடகஸ்காருக்குப் போனார். போன வேலை, சென் ஹெலீனாத் தீவுக்காக அடிமைகளை வாங்குவது. சுதந்திரம் இல்லாமல் பத்தொன்பது ஆண்டுகள் இருந்தவர், தப்பும் வழியைத் தவிர வேறு நினைவில்லாமல் இருந்தவர், தகப்பனின் பிணத்தின் மற்ற முனையைத் தூக்கிய கறுப்பினச் சிறுவனை மறந்திருக்க முடியாதவர், மனிதரை விலைக்கு வாங்கப் போனார். இதை முதலில் அறிந்தபோது அவர்மேல் எனக்கிருந்த மதிப்பு சரிந்தது. பிறகு, நாம் எல்லோருமே நல்லாகப் பார்க்கும் கண்ணையும் நல்ல மனத்தையும் ஒன்றென்று எண்ணிக்கொள்கிறோமோ என்று நினைத்தேன். கண்டிக் குடியானவனின் கலத்தில் மிஞ்சிய சோற்றைப் பார்த்த கண்தான் மடகஸ்கார்க் கரையில் நின்றவர்களையும் பார்த்தது. பார்த்தும் வாங்கியது. சென் ஹெலீனாவில் அவர் கரையிலிருந்த சமயம் அவருடைய மாலுமிகளே கப்பலை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்பதை வாசித்தபோது எனக்குச் சிறிது திருப்தியாகக்கூட இருந்தது. வைத்தியர் அப்படிச் சொல்லக்கூடாதுதான்.

கம்பனி வேலையை விட்ட பிறகு இலண்டனில் தனியாகவே வாழ்ந்தார். கடைசிவரை மணம் செய்யவில்லை. 1703இல் ஹூக் இறந்தபோது அவருடைய உடலை ஒழுங்குபடுத்தவும் அடக்கம் செய்யவும் முன்னின்றவர்களில் நொக்ஸ் ஒருவர். முதுமையிலும் தம் நூலை அவர் விடவில்லை. இரண்டாம் பதிப்புக்காகத் தாள்களை இடையிட்டு, விட்டுப்போனவற்றையும் பிழைகளையும் ஞாபகம் வந்த வரிசையில் எழுதிக்கொண்டே இருந்தார். அந்தப் பதிப்பு அவர் காலத்தில் வரவில்லை. ஒக்ஸ்போர்ட்டில் உள்ள பொட்லியன் நூலகத்தில் கிடந்த அவருடைய சுயசரிதைக் குறிப்புகள் 1911இல்தான் அச்சேறின. 1720 ஜூன் மாதம், தமது 79ஆவது வயதில் அவர் இறந்தார். விம்பிள்டனில் அடக்கம் செய்யப்பட்டார். அந்தப் பக்கத்தில் வசிக்கும் நம் தோழிகள் சிலர் தினமும் பஸ்ஸில் கடந்துபோகும் இடமாக இருக்கலாம்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். எலதெத்தவில் நொக்ஸ் ஒரு சிறு பெண்ணை எடுத்து வளர்த்தார். லூசியா என்று பெயர். கூடப் பிடிபட்ட ஆங்கிலேயர் ஒருவருக்கு ஊர்ப் பெண்ணொருத்தியிடம் பிறந்த பிள்ளை. அவளுக்கு ஆங்கிலம் கற்பித்தார். வயதானபோது தன்னைப் பார்த்துக்கொள்வாள் என்ற எண்ணமும் இருந்தது. 1679இல் மூட்டையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டபோது அவளிடம் சொல்லிக்கொள்ள முடியவில்லை. தப்பிய பின், மலைநாட்டில் மிஞ்சியிருந்த தோழர்களுக்கு எழுதிய கடிதத்தில் எலதெத்த நிலத்தையும் தமக்கு அங்கே இருந்தவற்றையும் லூசியாவுக்கே கொடுத்தார். அட்டைக்கும் எறும்புக்கும் பந்தி பந்தியாக எழுதியவர் அவளைப் பற்றிச் சில வரிகளே எழுதினார். உடுநுவரவில் எலதெத்த என்ற ஊர் இன்றும் அதே பெயரில்தான் இருக்கிறது.